சோணை மதினியின் பத்தியம்

என் மதினி சோணையம்மாளைப் பற்றிச் சுருளிப்பட்டியில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதிலேயே, தோட்டத்தில் திராட்சை எடுக்க வந்த வியாபாரியிடம், "ஏங்க, இந்தத் தராசு உங்களுக்கு அத்தை மகனா? உங்க பக்கமே சாயுது" என்று கேட்டவள். பந்தலுக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வியாபாரி மறுபடி நிறுத்தான். அது 1996. புதுப்பெண் இப்படியா பேசுவாள் என்று வீட்டில் பெரியவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப்போனது.

நான் ஞானசெல்வி, முத்துவீரனின் தங்கை. கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். எனக்கும் வாய் உண்டு. மதினி வாயில் கிண்டல் வரும், என் வாயில் கோபம்தான் வரும். இதைச் சொல்லும்போதும் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

மதினிக்குத் திராட்சைத் தோட்டத்தில் பிஞ்சு கழிக்கிற வேலை. கொத்தில் காய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் எதுவும் பெருக்காது. அதனால் சின்னதையும் சொத்தையையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நின்று செய்யும் வேலை, கழுத்து விட்டுப்போகும். மதினி அதைப் பேசிக்கொண்டே செய்வாள். அவள் இருக்கிற தோட்டத்தில் பெண்களுக்குப் பொழுது போவது தெரியாது. அவளுக்கு ஒரு மகள் பிறந்தபோது அண்ணன் குலதெய்வத்தின் பெயரை வைக்கச் சொன்னான். மதினி சிம்ரன் என்று வைத்தாள். "சாமி பேருல ஊருல முப்பது பிள்ளைக இருக்கு, கூப்பிட்டா எது வரும்?" என்றாள்.

அண்ணனுக்குக் கவாத்து வேலை. திராட்சை எடுத்து முடிந்ததும் கொடியை வெட்டிவிட்டால்தான் அடுத்த காய்ப்பு. எங்கே வெட்டுவது, துளிர் விடும் கண்ணில் எத்தனை விட்டு வெட்டுவது என்பதில்தான் வெள்ளாமையே இருக்கிறது. ஒரு கண் தள்ளி வெட்டினால் இலை மட்டும் வரும், பூ வராது. முத்துவீரன் கத்திரி பட்டால் கண் தப்பாமல் வெடிக்கும் என்று காமயகவுண்டன்பட்டி வரைக்கும் பேச்சு. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர்கள்கூட அவன் தேதி சொல்லக் காத்திருப்பார்கள். அதிகம் பேசமாட்டான். பொண்டாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவளுக்கு ஒரு தலைவலி என்றால் அன்றைக்கு அவனுக்கு வேலை ஓடாது.

2003, ஐப்பசி மாதம். மதினி சந்தைக்கு வந்தவள் என் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நின்று முந்தானையை ஒதுக்கினாள்.

"ஞானம், இங்கன கைய வச்சுப் பாரு. குளிக்கும்போது தட்டுப்படுது. வலியுமில்ல ஒண்ணுமில்ல."

இடது மார்பில் உருண்டையாக ஒரு கட்டி. அழுத்தினால் நகரவில்லை. மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் பார்த்தார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்றைக்கு அண்ணனும் கூட வந்தான். டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்தார்கள்.

"புத்துநோய்தான். ஆனா நேரத்தோட வந்திருக்கீங்க. மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணி, அப்புறம் மருந்து ஏத்தி, ரேடியேஷன் கரண்டும் வச்சுக்கிட்டா நல்லாப் பொழைச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, தள்ளிப் போடாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, "ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல. அதுக்குத்தேன் சாமி ரெண்டாக் குடுத்திருக்காரு" என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் ஆபரேஷனுக்குத் தயாராகத்தான் இருந்தாள், இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மதுரையில் தேதி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் என் கடைக்கு வந்தான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், இடுப்பில் கத்திரி தொங்கியது.

"ஞானம், எனக்கு மனசு ஒப்பல."

"எதுக்கு?"

"வெட்டுறதுக்கு." கல்லாவுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். "கொடி சும்மா கெடந்தா சும்மாவே கெடக்கும். கத்திரி பட்ட எடத்துலதேன் கண்ணு வெடிக்கும். ஒரு கொப்ப வெட்டினா ரெண்டு வரும். இருவது வருசமா இந்தக் கையாலதேன் பாக்குறேன். அந்தக் கட்டியும் அப்படித்தேன். தொடாம விட்டா அடங்கிக் கெடக்கும். வெட்டினா ஒடம்பு பூராத் தளுத்துரும்."

"அண்ணே, அது கொடி, இது ஒடம்பு."

"ரெண்டும் உசுருதேன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்ச டாக்டர் சொல்றாக. நீ கத்திரிய வச்சுக்கிட்டு வைத்தியம் பேசுற" என்று கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். அவன் எழுந்து போய்விட்டான்.

இந்தப் பேச்சை நெல் விளைகிற ஊரில் பேசியிருந்தால் யாராவது மறுத்துச் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கவாத்து ஆட்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வெட்டினால் வேகமாகக் கிளம்பும் என்பது அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை கண்ணால் பார்க்கிற விஷயம். அதோடு எங்கள் ஊர்ப் பொன்னுராஜின் தாயார் கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்கு மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள், மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். "கத்தி பட்டுத்தேன் பரவிருச்சு" என்று ஊரே சொன்னது. அவள் இரண்டு வருடம் பச்சிலை, மந்திரம், ஒத்தடம் என்று எல்லாம் பார்த்துவிட்டு, புண் நாற்றம் எடுத்த பிறகுதான் மதுரைக்குப் போனாள் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியாகப் போகிற இடத்தின் தலையில் பழி.

கவாத்தில் அண்ணன் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் மதினியும் நம்பினாள். "எங்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரியுது, ஞானம். ஊரே இவர் சொல்லக் காத்திருக்கு" என்றாள்.

ஆபரேஷனுக்கு அட்மிஷன் போடவேண்டிய அன்று காலையில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. நான் பிளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொண்டு, மாற்றுச்சேலை இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். மதுரை பஸ் நிற்கிற இடத்தில் அவர்களைக் காணவில்லை. தேடினேன். எதிர்ப்பக்கம் புறப்படத் தயாராக நின்ற குமுளி பஸ்ஸில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மதினி மடியில் ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய பை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எங்க போறீக?"

"குமுளிக்கு மேல ஒரு வைத்தியர் இருக்காராம்" என்றான் அண்ணன். "கத்தி படாம எடுத்துக் குடுக்காகளாம். ஒரு மண்டலம் பாப்போம். சரிப்படலைன்னா மதுரைக்குப் போவோம்."

"மதினி, நீங்க எறங்குங்க."

மதினி என் கையைத் தொட்டாள். "இவரு சாப்பிட்டு நாலு நாளாச்சு ஞானம். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்து என்னையே பாக்குறாரு. ஒரு மண்டலந்தான, பாத்துட்டு வாரோம்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. நான் பிளாஸ்க்கோடு நின்றேன்.

அந்த வைத்தியரை நானும் ஒருமுறை பார்த்தேன். சண்டை போடவேண்டும் என்றுதான் போனேன். பெயர் சங்கரலிங்கம். தமிழ் ஆள்தான், ஏலத்தோட்டப் பக்கம் பல வருடமாகக் குடியிருப்பவர், பேச்சில் பாதி மலையாளம். வெள்ளை வேட்டி, சந்தனம். மதினியை உட்காரவைத்து முழுசாகக் கேட்டார். என்ன வேலை, எத்தனை பிள்ளை, மகளுக்கு என்ன வயது, தூக்கம் வருகிறதா. "பேடிக்கண்டா" என்று தலையில் கை வைத்தார். பயப்படாதே என்று அர்த்தம். எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களிடம் அவ்வளவு நேரம் ஒருத்தரும் பேசியதில்லை. திட்டப் போன எனக்கே வாய் வரவில்லை. அண்ணன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான்.

மருந்து இரண்டு. உள்ளே சாப்பிட ஒரு சூரணம், மேலே போட ஒரு கறுப்புப் பத்து. அதைவிடப் பெரியது பத்தியம். உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. மீன், கறி, முட்டை கூடவே கூடாது. இங்கிலீஷ் மருந்து ஒரு காய்ச்சல் மாத்திரைகூட உள்ளே போகக்கூடாது, போனால் சூரணம் முறிந்துவிடும். ஒரு வருடம் இப்படி இருக்க வேண்டும். வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிற மதினி அன்றிலிருந்து உப்பில்லாத கஞ்சி குடித்தாள். "மாமா, ஆத்துத் தண்ணிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, ஆத்துத் தண்ணில ருசி இருக்கு" என்பாள் அண்ணனிடம்.

அந்தப் பத்து, தோலை வேகவைத்தது. போட்ட அன்றைக்கு மதினி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டி இருந்த இடம் புண்ணாகி நீர் வடிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நான் பதறியபோது அண்ணன் என்னைச் சமாதானம் செய்தான்.

"விசம் எறங்குது, வைத்தியர் சொன்னாக. கவாத்து பண்ணுன நுனியில தண்ணி சொட்டும்ல, அது மாதிரித்தேன். சொட்டினாத்தேன் கொடி நல்லாருக்குன்னு அர்த்தம்."

அவனுக்குத் தெரிந்த அடையாளம் எல்லாம் கொடியில் பார்த்தது. ஒவ்வொன்றும் அவனுக்கு நல்லதாகவே தெரிந்தது. மண்டலம் முடிந்தது. மதுரைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் "நல்லா வாரபோது ஏன் குறுக்க விழுகுற?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தை கடந்து மாசியில் அந்தப் புண் கருகி, பக்கு கட்டி, ஒருநாள் அப்படியே உதிர்ந்தது. கீழே சிவப்பாகப் புதுத்தோல். கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. அண்ணன் அந்தப் பக்கை ஒரு காகிதத்தில் மடித்து எனக்குக் காட்டக் கொண்டுவந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே இருந்ததை மருந்து தின்றுவிட்டது, உள்ளே இருந்தது அதன் பாட்டுக்கு உள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? சொல்லக்கூடிய டாக்டரிடம் நாங்கள் போகவில்லை.

அந்தச் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மதினி தீச்சட்டி எடுத்தாள். கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஆற்றங்கரையில் சொந்தக்காரர்கள் சேர்ந்து கிடாய் வெட்டிச் சமைத்தார்கள். சட்டி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்த மதினிக்குக் குழம்பு வாசனை தாங்கவில்லை. என் இலையிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஆத்தா சந்நிதியில தின்னது கணக்குல வராது" என்று கண்ணடித்தாள். நான் இன்னும் இரண்டு துண்டு வைத்தேன். தின்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். பிஞ்சு கழிக்கப் போனாள், வியாபாரிகளை வம்புக்கு இழுத்தாள், சிம்ரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். மார்கழியில் அக்குளில் ஒரு நெறி கட்டியது. முதுகு வலிக்கிறது என்றாள். அண்ணாந்து நிற்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்தார்கள். வலி போகவில்லை. மறுபடி குமுளிக்குப் போனார்கள்.

திரும்பி வந்தவள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"என்ன சொன்னாரு?"

அண்ணன்தான் சொன்னான். "பத்தியம் முறிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாக. நடுவுல என்னமோ தின்னுருக்கீகன்னு கேட்டாக."

"நான் தின்னேன்ல, வீரபாண்டியில" என்றாள் மதினி. "பொய் சொல்ல முடியுமா? ஒத்துக்கிட்டேன். அடங்கிக் கெடந்தத நீயே எழுப்பிவிட்டுட்டியேன்னு அந்த மனுசன் அம்புட்டு வருத்தப்பட்டாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மூணு துண்டுக் கறி ஒரு ஆளக் கொல்லுமா? அவன் மருந்து கேக்கல, அதச் சொல்ல அவனுக்கு வாயி வரல, உங்க தலையில கட்டிட்டான்" என்று கத்தினேன். மதினி காதில் அது ஏறவில்லை. அண்ணன் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் காரணம் அவனுக்கும் தோதாக இருந்தது. கறிதான் காரணமென்றால் குமுளி பஸ் காரணமில்லை.

அன்றிலிருந்து மதினியின் வாய் அடங்கியது. கஞ்சியையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். வலிக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தால் சூரணம் முறிந்துவிடும் என்று தொடமாட்டாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். ஆனி மாதம் இருமினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இனி யாரையும் கேட்பதில்லை என்று என் வீட்டுக்காரர் வாடகைக்குக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். நேராக மதுரை.

ஸ்கேன் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். அண்ணனையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். மதினி வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர்மேல் சாய்ந்திருந்தாள்.

"எலும்புக்கும் போயிருச்சு, நுரையீரலுக்கும் போயிருச்சு" என்றார்.

அண்ணன் சட்டென்று முன்னால் நகர்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். "வெட்டிருங்கய்யா. முழுசா வெட்டி எடுத்துருங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

"இப்ப வெட்டி ஒண்ணும் ஆகாதுப்பா. எங்கன்னு வெட்டுறது? வலி இல்லாம வச்சுக்க மருந்து தாரேன். கொஞ்ச நாள் கூட இருக்கவும் பாக்கலாம்."

"அன்னைக்கே வந்திருந்தா?" என்றான் அண்ணன்.

டாக்டர் தேனியில் எடுத்த பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அநேகமா நல்லாயிருந்திருப்பாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வரும்போது அண்ணன் என் கையைப் பிடித்தான். "கடைசியா சொன்னத அவகிட்டச் சொல்லாத ஞானம்." நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவன் அவன்.

மதுரை மருந்தில் வலி குறைந்தது. மதினி தூங்கினாள். உப்புப் போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டாள். ஆனால் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சு. "வைத்தியர் மேல குத்தமில்ல, இவரு மேலயும் குத்தமில்ல. என் நாக்குதேன் என்னைத் தின்னுருச்சு." வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். சிம்ரனுக்கு அப்போது ஆறு வயது. அது எங்கே கறி வைத்தாலும் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தது.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் காலை நான் சுருளிப்பட்டியில் இருந்தேன். மதினிக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனோடு கவாத்துக்குப் போகிற அம்மாவாசி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"என்ன அம்மாவாசி, வேலைக்குப் போகல?" என்று மதினிதான் கேட்டாள்.

"சுப்புத்தாய்க்கு ஒரு கட்டி வந்துருக்கு மதினி. ஒங்களுக்கு வந்த மாதிரியே, அதே எடத்துல. தேனிக்குக் கூட்டிப் போனேன், வெட்டணும்னு சொல்றாக. எனக்குப் பயமா இருக்கு. அந்தக் குமுளி வைத்தியரு எங்கன இருக்காருன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்ணன் கை நின்றது.

மதினி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு. "போ, கூட்டிட்டுப் போ. நல்ல மருந்துதேன். எனக்கே பக்கு உதுந்து ஆறிப்போச்சுல்ல, ஊரே பாத்துச்சுல்ல? பத்தியத்த மட்டும் காத்துக்கச் சொல்லு. நாந்தேன் நாக்க அடக்காமக் கெட்டேன். சுப்புத்தாய் அடக்கமானவ, அவ பொழைச்சுக்கிருவா." அண்ணனைப் பார்த்தாள். "மாமா, எந்த எடத்துல பஸ்ஸ விட்டு எறங்கணும்னு சொல்லுங்க."

நான் தட்டைக் கீழே வைத்தேன். மதுரை டாக்டர் சொன்னது வாய் வரை வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. பிறகு அம்மாவாசியிடம் திரும்பினான்.

"போகாத."

"அண்ணே?"

"அங்க போகாத. தேனி டாக்டர் என்ன சொன்னாகளோ அதச் செய்யி. வெட்டச் சொன்னா வெட்டு. நாளைக்கே கூட்டிட்டுப் போ."

"என்ன மாமா இப்படிச் சொல்றீக?" என்றாள் மதினி. "அந்த மனுசன் மேல ஏன் பழியப் போடுறீக? நான் கறி தின்னது பொய்யா?"

"கறி இல்ல சோணை." அவன் அவள் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "நீ கறி தின்னது ஒண்ணுமே இல்ல. அந்த மருந்து மேலாகத் தோலத்தேன் தின்னுச்சு. உள்ள அது பாட்டுக்குப் போயிருச்சு. வெட்டினாத் தளுக்கும்னு நான் சொன்னது தப்பு. மதுரை பஸ்ஸுல ஏற இருந்தவள நாந்தேன் மாத்தி ஏத்தினேன். மதுரை டாக்டர் சொன்னாரு, எனக்குத் தெரியும், ஆனிலேர்ந்து தெரியும். நீ என் மேல குத்தமில்ல, குத்தமில்லன்னு சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அம்மாவாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

மதினி அண்ணனையே பார்த்தாள். "அப்ப, அன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தா நான் பொழைச்சிருப்பேனா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும், விதி என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"பொழைச்சிருப்ப" என்றான்.

அம்மாவாசி வழி கேட்காமலே போனான். மறுநாள் சுப்புத்தாயை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆபரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. இன்றைக்கு 2010, அவள் தோட்ட வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள். மதினி அந்தத் தை மாதமே போய்விட்டாள்.

அன்று காலை அம்மாவாசி படி இறங்கியதும் நான் மதினி முகத்தைப் பார்த்தேன். மதினி ஆத்திரப்படுவாள் என்று நினைத்தேன். காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அண்ணன் கையிலிருந்து காலை அவள் எடுக்கவே இல்லை. நோய் வந்த நாளிலிருந்து வலிக்குத் தவிர எதற்கும் அழாதவள், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"சிம்ரன் சடங்கப் பாத்திருப்பேன்ல மாமா" என்றாள்.